தொட்டிலுக்கு இரண்டு தாள்

செப்டம்பர் 28, ஞாயிறு

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்றுதான் தெரியவில்லை. நோட்டு என்னுடையது இல்லை, மதினியுடையது. எழுதி வைக்கும்படி என் நாட்களில் எதுவும் நடப்பதும் இல்லை. காலையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். மத்தியானம் துணி மடிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், பி.எஸ்சி. விலங்கியல். அம்மா இதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பதால் தெருவில் நடக்கவே கூச்சமாக இருக்கிறது.

மதினிக்கு இது ஆறாவது மாதம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை இனி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சும்மா இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளுக்காக அண்ணன் ஆன்லைனில் ஒரு பெட்டி வரவழைத்தான். காகிதத்தில் வாழ்த்து அட்டையும் பரிசுப் பெட்டியும் செய்கிற கிட். வண்ண அட்டைகள், கத்தரி, ரிப்பன், பசை, முத்து மாதிரி ஸ்டிக்கர்கள். கூடவே மேலட்டை ஒட்டாத இந்த வெறும் நோட்டு.

“எனக்கு எழுத்தெல்லாம் ஆகாது சத்தி. நீ படிச்சவ, நீ எழுது” என்று மதினி இதை என் பக்கம் தள்ளினாள்.

“உங்க நோட்டு மதினி.”

“பொறவு திருப்பித் தா. எங்க ஓடிப் போவப்போற?”

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அண்ணன் வெல்டிங் பட்டறையிலிருந்து பொரியும் கடலையும் கொண்டுவந்தான். மதினி கிட்டில் இருந்த கத்தரியையும் பசை பாட்டிலையும் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைத்துவிட்டாள். அதனால் இன்று அவற்றைத் தொடக் கூடாது. கை அரிக்குது, கை அரிக்குது என்று சாயங்காலம் வரை புலம்பினாள்.

வளைகாப்புப் பத்திரிகையை நாங்களே செய்வது என்று முடிவாகியிருக்கிறது. ஐப்பசி கடைசி வெள்ளி. வருகிறவர்களுக்குக் கண்ணாடி வளையல் வைத்துக் கொடுக்கச் சின்னப் பெட்டிகளும் செய்ய வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

கோடு முழுசாக இருந்தால் வெட்ட வேண்டும். புள்ளிக் கோடாக இருந்தால் மடிக்க வேண்டும். மடிக்கும் முன்னால் மை தீர்ந்த பேனாவால் புள்ளிகளின் மேல் ஓர் அழுத்து அழுத்திக்கொண்டால் அட்டை வெடிக்காது. மதினிக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பசையை அள்ளி வைப்பாள். அது ஓரத்தில் பிதுங்கிக் காய்ந்து கண்ணாடி மாதிரி நிற்கும். என் பெட்டிகளில் ஒட்டிய இடமே தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை.

“ஏட்டி, பெட்டிக்குள்ள வளையல் வைக்கப் போறியளா, பசை வைக்கப் போறியளா?” என்று அம்மா மதினியின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

“பசைதான் அத்தை. வீட்டுல கொண்டுபோயி ஒட்டிக்கிடட்டும்” என்றாள் மதினி. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதல் பத்திரிகை வீரவநல்லூரில் மதினியின் அம்மா வீட்டுக்குப் போனது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலைத் தட்டில் வைத்து, அம்மாவும் அண்ணனும் கொண்டுபோனார்கள். மற்றவர்களுக்கு இன்னும் நாள் கிடக்கிறது, பொறு என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் அடுத்த வீட்டு ஜெயராணி டீச்சருக்கு மட்டும் ஒன்று கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நீயா செஞ்ச? கடையில வாங்குனதுன்னுல்லா நெனச்சேன்” என்றார். பிறகு இன்னும் சில வீடுகளுக்கும் கொண்டுபோனேன். அந்த வழியாகப் போகிற வேலை இருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

கிட்டில் ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு தாள் கொடுத்திருக்கிறார்கள், ஒன்று கெட்டால் இன்னொன்று. தொட்டில் வடிவத்தை மட்டும் நாங்கள் தொடவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று எதுவும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. வாங்கவும் கூடாது, செய்யவும் கூடாது. பழைய வேட்டியைக் கிழித்து வைக்கட்டுமா என்று மதினி கேட்டதற்கே அம்மா முறைத்தாள்.

இன்று அம்மா சத்துணவுக் கூடத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். மதினி தூங்கினாள். நான் தொட்டிலைச் செய்தேன். ஏன் என்று கேட்டால், தாள் அழகாக இருந்தது. அவ்வளவுதான்.

மஞ்சள் அட்டை. இரண்டு கால்களுக்கு நடுவே நூலில் தொங்குகிறது. ஊதினால் ஆடும். பக்கத்தில் பெயர் எழுத ஒரு சின்னச் சீட்டு.

மதினி எழுந்து அதைப் பார்த்ததும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஐயோ சத்தி, அத்தை பாத்தாவன்னா கொன்னுருவாவ.” ஆனால் திருப்பித் தரவில்லை. ஒரு விரலால் மெல்ல ஆட்டினாள். அது நிற்கும் வரை பார்த்தாள். மறுபடி ஆட்டினாள்.

“பேரு எழுதட்டுமா மதினி?”

“எழுதாத. ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன். உங்க அண்ணனுக்கே தெரியாது. பொறந்த பொறவுதான் சொல்லுவேன்.”

“எனக்கு மட்டும்?”

“ஒனக்குத்தான் மொதல்ல. பொறு.”

பீரோவில் சேலைகளுக்கு அடியில் அதை வைத்தாள். அமுங்கிவிடாமல் சுற்றிலும் ஜாக்கெட்டுகளை அடுக்கினாள்.

அக்டோபர் 9, வியாழன்

மழை. பசை காயவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

சனிக்கிழமை காலையில் மதினிக்கு இடுப்பு வலி வந்தது. ஆட்டோவில் கொண்டுபோனோம். பிள்ளை தங்கவில்லை. பெண் குழந்தை.

கர்ப்பப்பை வாய் முன்கூட்டியே திறந்துவிட்டது, யார் என்ன செய்ததாலும் வந்தது இல்லை, சில பேருக்கு இப்படி நேரும் என்று டாக்டரம்மா அண்ணனிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குப் புரிந்தது. அந்தப் படத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்து பாகங்கள் குறித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இன்று மாற்றுச் சேலை எடுக்க அம்மா பீரோவைத் திறந்தாள். தொட்டிலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒட்டிய ஓரங்களை விரலால் தடவினாள். என்னைப் பார்த்தாள். பிறகு, அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குக் கேட்கும்படி, “ஒம் பொண்டாட்டி செஞ்ச வேலையப் பாத்தியா. வயித்துல இருக்கயிலேயே தொட்டில் கட்டிப் பாத்திருக்கா” என்றாள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். குக்கர் விசில் அடித்தது. அதற்குள் அண்ணன் வெளியே போய்விட்டான்.

அம்மா அதை வெந்நீர் அடுப்பில் போட்டாள். காகிதம்தானே, சட்டென்று போய்விட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

குக்கர் மட்டும் விசில் அடித்திருக்காவிட்டால் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து மதினியை அவள் அம்மா நேராக வீரவநல்லூருக்குக் கூட்டிப்போய்விட்டார்.

கிளம்பும் முன்னால் அத்தை, மதினியின் அம்மா, என்னை மல்லிகைப்பூ வாங்கிவரச் சொன்னார். தலைக்கு இல்லை. பால் வற்றுவதற்கு மார்பில் வைத்துக் கட்ட. நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் கட்டிலருகே போய், “என்னத்துக்கு அதச் செஞ்ச?” என்று கேட்டான். மதினி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “செஞ்சேன்” என்றாள்.

பூக்காரி போய்விடுவாள் என்று நான் வேகமாக இறங்கினேன். பூக்காரி அங்கேயேதான் இருந்தாள். நல்ல பூவாகப் பொறுக்க நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வருசம் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. மதினியிடம் பேசினாயா என்று அண்ணனிடம் கேட்டேன். “போட்டேன், எடுக்கல” என்றான். அவன் போன் காலையிலிருந்து டி.வி. பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

அக்டோபர் 23, வியாழன்

கொடுத்த பத்திரிகைகளை எல்லாம் திரும்ப வாங்கி வர வேண்டும் என்கிறாள் அம்மா.

“குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாவளாம்மா?”

“நடக்காத விசேஷத்துக்குப் பத்திரிக ஊரான் வீட்டுல கெடக்கலாமா? யார் கேட்டு நீ அள்ளிக் குடுத்த? நீயே போயி வாங்கிட்டு வா.”

அது உண்மைதான். யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 25, சனி

குடையை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வாசலிலும் என்ன சொல்வதென்று வழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாசலுக்கு வந்ததும் மறந்துவிட்டது. நான் நிற்பதைப் பார்த்தே அவர்களாக எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒரு வீட்டில் பின்பக்கத்தில் கேஸ் ஏஜென்சியின் போன் நம்பரை எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து வேறு தாளில் எழுதிக்கொள்ளும் வரை நின்றேன். ஒரு வீட்டில் முத்துக்களை எல்லாம் குழந்தை உரித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெயராணி டீச்சர் ஷோகேஸ் கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்திருந்தார். எடுத்துத் தரும்போது, “உன் கையி நல்ல கையி மக்கா. வருத்தப்படாத” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வளையல் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

தெருக்கோடியில் செல்லக்கனி பெரியம்மா வீடுதான் பாக்கி இருந்தது. பெரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மருமகளும் இன்னும் இரண்டு பேரும்.

“வாளா, படிச்ச பிள்ள. ஒக்காரு. கேட்டியா, உங்க மதினி பிள்ளைக்குத் தொட்டிலே கட்டிட்டாளாமே? சாமான் செட்டெல்லாம் வாங்கிக் குமிச்சிட்டாளாமே?”

“இல்ல பெரியம்மா. காயிதம். சின்னது.”

“சின்னதோ பெருசோ, தொட்டில் தொட்டில்தானே. பெத்த தாயே செய்யலாமா? ஒரு பொம்பளைக்கு அது தெரியாதா? அவளுக்கு இனிமே—”

“அது நான் செஞ்சது” என்றேன்.

கீரை உருவுகிற கை நின்றது. என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. “மதினி செய்யல. அவ தூங்கிட்டிருந்தா. நான்தான் செஞ்சு குடுத்தேன். டாக்டர் அதுனால இல்லன்னு சொல்லிட்டாவ” என்றேன். இத்தனை வார்த்தைகளை நான் ஒரே மூச்சில் வெளியாளிடம் பேசியதில்லை.

பெரியம்மா பத்திரிகையை எடுத்துக்கொடுத்தார். கீரையும் ஒரு கைப்பிடி கொடுத்தார்.

தெருக்கோடியிலிருந்து எங்கள் வீடு தூரமே இல்லை. ஆனாலும் பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆரு ஒன்னையச் சொல்லச் சொன்னா?”

“நான் செஞ்சதும்மா அது. உனக்குத் தெரியாது—”

“தெரியாதா? ஒரு பொட்டுப் பசை வெளிய இல்ல. அவ ஒட்டுனா அப்படியா இருக்கும்? கையில எடுத்த ஒடனே தெரிஞ்சு போச்சு எனக்கு.” அம்மாவின் குரல் இறங்கியது. “அவளுக்குப் புருசன் இருக்கான். நாலு நாள் ஏசுவான், பொறவு சரியாயிருவான். நாளைக்கு ஒன்னையப் பொண்ணு பாக்க வாரவன் கேப்பானேட்டி, இவ கைபட்டா என்னாவும்னு. ஒனக்கு ஆரு இருக்கா?”

அன்று அம்மா ஓரங்களைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அப்போதே எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பினால் அண்ணன் வாசலில் நின்றான். வண்டிச் சாவி கையில் இருந்தது. எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் அண்ணன் என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா.”

குக்கரைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

அம்மாவும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. கத்தரியைக் கழுவித் துடைத்து வைத்தேன்.

நவம்பர் 1, சனி

கடைசிப் பத்திரிகை வீரவநல்லூரில் இருந்தது. அதை வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். அண்ணன், “ஏறு” என்றான். அம்மா ஒரு தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். உளுந்தங்களி. யாருக்கென்று சொல்லவில்லை. நல்லெண்ணெய் மணம் வழி முழுக்க வந்தது.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் அண்ணனுக்கு உள்ளே வரத் தைரியமில்லை. சங்கிலியைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். நான் உள்ளே போனேன். அத்தை சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்திலிருந்து பத்திரிகையை எடுத்துத் தந்தார். மூலைகளில் மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது.

மதினி உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வயிறு இல்லாமல் அவளைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது.

“நீ சொல்லிட்டியாமே. செல்லக்கனி பெரியம்மா இங்க வரைக்கும் போன் போட்டுட்டாவ.”

“ஆமா மதினி. என்னையக் காப்பாத்தத்தான நீங்க—”

“மொதல்ல அதுக்காகத்தான் சொன்னேன்.” அவள் சேலை முந்தானையை மடித்துக்கொண்டே இருந்தாள், மடிப்பின் மேல் நகத்தால் அழுத்தி அழுத்தி. “பொறவு அதுக்காக இல்ல. எல்லாரும் என்னைய ஏசுதாவ. பிள்ளைக்குத் தொட்டில் செஞ்சா, பிள்ளைக்குத் தொட்டில் செஞ்சான்னுதான ஏசுதாவ? ஏசுனாலும் அதத்தான சொல்லுதாவ? அவளுக்கு நான் ஒரு துணி எடுத்தேனா? ஒரு வாய்ப் பால் குடுத்தேனா? ஒண்ணும் கெடையாது. ஊரு சொல்லுத அந்தத் தொட்டிலு ஒண்ணுதான் நான் செஞ்சது. கேட்டுட்டுக் கெடந்தேன்.”

பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அதையும் இப்ப நீ செஞ்சதுன்னு ஆக்கிட்ட சத்தி.”

சொல்லாமல் இருந்தது தப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சொன்னதுகூட அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டதாக ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பையைத் திறந்தேன். கிளம்பும்போது ஏன் எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. தொட்டில் வடிவத்தின் இரண்டாவது தாள். வெட்டாதது, மஞ்சள் அட்டை. கத்தரியையும் பசை பாட்டிலையும் அதன் மேல் வைத்து, கட்டிலில் அவள் பக்கத்தில் நகர்த்தினேன். அவள் தொடவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

அண்ணன் நிலைப்படியில் வந்து நின்றான். “செல்வி” என்று மதினியைக் கூப்பிட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்து வெளியே வந்தேன். அத்தையிடம் தூக்குவாளியைக் கொடுத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அண்ணன் இன்று காலையில்தான் வந்தான். அம்மா, “சாப்ட்டாளா?” என்றாள். “ம்” என்றான். “களியவா?” “ம்.” அம்மா அடுப்படிக்குள் போய் நெடுநேரம் வரவில்லை.

அவன் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தேன். வலது கையோரத்தில் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது, கண்ணாடி மாதிரி. நான் அதைத் தேய்க்கவில்லை. சட்டையைத் தனியாக எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் அவன் மறுபடி போகிறான். இந்த நோட்டை அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பிறகு திருப்பித் தா என்றுதான் நீங்களும் சொல்லியிருந்தீர்கள். உங்கள் நோட்டில் இத்தனை பக்கங்களை நான் கெடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், மதினி. மிச்சப் பக்கங்கள் வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு வாங்க என்று நான் கேட்க மாட்டேன். அதை அண்ணன் கேட்பான். அம்மாவும் ஒருநாள் கேட்பாள், களியைக் கொடுத்துவிட்ட மாதிரி ஏதோ ஒரு விதத்தில். நான் கேட்க நினைத்தது வேறு. நேற்று கட்டிலருகே நாக்கு வரை வந்தது. பஸ்ஸிலும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது உங்களிடம் இருக்கிற தொட்டில் நீங்கள் செய்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு இருக்கும், வெறுமையாக. எனக்குத்தான் முதலில் சொல்வேன் என்றீர்கள். பிறந்த பிறகு சொல்வேன் என்றீர்கள். அவள் பிறந்தாள் மதினி. அவளுக்கு நீங்கள் நினைத்து வைத்திருந்த பெயரை எனக்குச் சொல்லுங்கள்.